வாசித்துக் காட்டினால் சிரிக்கிறான், தானே படித்தால் சிரிப்பதில்லை: ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயது மகனுக்காக, ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையை அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் வாசித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அதே தாளை அவன் கையில் கொடுத்தால் முகத்தில் சிரிப்பே இல்லை. இரண்டாவது பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துபோகிறான். "இன்னும் நகைச்சுவை சேர்க்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா என்றும், மகனுக்கும் அவன் நண்பனுக்கும் உண்மையிலேயே நடந்த ஒரு சண்டையைக் கதைக்குள் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடங்கள் தொடக்கப் பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். அப்புறம் குழந்தைகள் புத்தகங்களைச் செம்மைப்படுத்தும் வேலைக்கு வந்தேன். இந்தப் பதில் அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் வருகிறது.

நகைச்சுவை போதுமான அளவு இருக்கிறது. அதற்கு உங்கள் மகனே சாட்சி. காதால் கேட்டுச் சிரிக்கிற பையனுக்குக் கதை புரிகிறது, எது வேடிக்கை என்பதும் தெரிகிறது. 1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எளிய ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மற்றொன்று சிறிதாக இருந்தால் விடையும் சிறிதாகிவிடும். உங்கள் வீட்டில் கேட்டுப் புரிதல் நன்றாக இருக்கிறது. எழுத்துக் கூட்டும் வேகம் இன்னும் அதை எட்டிப் பிடிக்கவில்லை. ஏழு வயதில் இது மிகச் சாதாரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வயதில் காது முன்னால் ஓடும், கண் பின்னால் வரும்.

இது சிரிப்பை எப்படித் தின்றுவிடுகிறது என்று பாருங்கள். எந்த வேடிக்கைக்கும் இரண்டு விஷயங்கள் மனதில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்: நடக்கும் என்று நினைத்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. இரண்டும் உரசும்போதுதான் சிரிப்பு வருகிறது. நீங்கள் வாசிக்கும்போது சரியான இடத்தில் நிறுத்துகிறீர்கள், குரலை மாற்றுகிறீர்கள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லைச் சொல்கிறீர்கள். அவன் தனியாக வாசிக்கும்போது ஒரு நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மனதிலிருந்து நழுவிவிடுகிறது. உரச வேண்டிய இரண்டில் ஒன்று அங்கே இல்லை. நம்முடைய வேகத்தில் இரண்டு விநாடி எடுக்கும் வரி அவனுக்கு அரை நிமிடம் எடுக்கலாம். எவ்வளவு நல்ல நகைச்சுவையும் அரை நிமிடம் இழுத்தால் செத்துவிடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, இருக்கிற நகைச்சுவையை அவன் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவருவது. ஓர் உதாரணம் காட்டுகிறேன். பெயர்களும் சம்பவமும் நான் இப்போது இட்டுக்கட்டியவை. பெரியவர்கள் எழுதும்போது இப்படித்தான் எழுதுவார்கள்: "டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, தன் பென்சிலைக் கவின்தான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டதாகக் குற்றம்சாட்டிக்கொண்டே பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்த இனியனின் காதுக்குப் பின்னால் அந்தப் பென்சில் செருகியிருப்பதைக் கவின் கவனித்தான்." உரக்க வாசித்தால் இது நன்றாகவே இருக்கும். இப்போதுதான் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இது ஒரு மலையேற்றம். அதையே இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

இனியனின் பென்சிலைக் காணோம்.
பையில் தேடினான். இல்லை.
பெஞ்சுக்கு அடியில் தேடினான். இல்லை.
"நீதானே எடுத்தாய்?" என்று கவினிடம் கேட்டான்.
கவின் பேசவில்லை.
இனியனின் காதையே பார்த்தான்.

பென்சில் காதில் இருக்கிறது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அந்தக் கடைசி அடியைப் பிள்ளைதான் எடுத்துவைக்க வேண்டும். அது அவனால் முடியும், ஏனென்றால் அதற்கு முந்தைய வரிகள் அவனைக் களைப்பாக்கவில்லை. இங்கே தமிழ் நமக்கு ஒரு உதவி செய்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், என்ன ஆயிற்று என்பது இயல்பாகவே வரியின் முடிவில் விழுகிறது. வரி சின்னதாக இருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவும் ஒரு சின்ன எதிர்பார்ப்பு. அதே தமிழ் ஓர் ஆபத்தையும் கையில் கொடுக்கிறது. எச்சங்களைக் கோத்து, 'வந்து, நின்று, பார்த்து, சிரித்து' என்று முற்றுப்புள்ளியே இல்லாமல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை அதிகம். இந்த வயதுப் புத்தகத்தில் அதைக் கட்டுப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

படம் வரைய யாராவது இருந்தால், பென்சில் காதில் இருப்பது முதல் வரி உள்ள பக்கத்திலேயே படத்தில் தெரிய வேண்டும். கதை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பாத்திரத்துக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆனந்தம் கொஞ்சநஞ்சமல்ல. வகுப்பில் படத்தைக் காட்டி, "டீச்சர், அங்கே பாருங்க, காதுல!" என்று கத்துவார்கள். அத்தியாயக் கதைப் புத்தகத்தில் படம் அலங்காரத்துக்கு வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தில் சொன்னதையே மறுபடி வரைந்தால் அது அலங்காரம்தான். எழுத்து மறைத்ததைப் படம் காட்டினால், எழுத்துக் கூட்டும் பளு இல்லாமலேயே வேடிக்கையின் பாதி பிள்ளையின் கைக்கு வந்துவிடும். படம் வரைய ஆள் இல்லையென்றால் குச்சி மனிதர்களை நீங்களே வரையுங்கள். காது தெரிந்தால் போதும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வருவது. எழுதுகிறவர்கள் ஒரே சொற்றொடர் மீண்டும் வந்தால் குறை என்று நினைத்து மாற்றிவிடுவார்கள். இந்த வயதுக்கு எழுதும்போது மாற்றாதீர்கள். ஒரு தொடரை முதல் முறை பிள்ளை கூட்டிப் படிக்கிறான், இரண்டாவது முறை பாதி நினைவிலிருந்து படிக்கிறான், மூன்றாவது முறை பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அதாவது மூன்றாவது முறை அவன் நம் வேகத்தில் வாசிக்கிறான். வேடிக்கைத் திருப்பத்தை அங்கே வையுங்கள். கொழுக்கட்டை என்ற பெயர் மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறவன், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்து, பெயரைத் தொலைத்துவிட்டு, மிச்ச வழியெல்லாம் "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா" என்று சொல்லிக்கொண்டு போகும் நாட்டுப்புறக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கேட்கிற பிள்ளையின் வாயிலும் அந்தச் சொல் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் சொல் மாறுகிற அந்த இடத்தில் வெடித்துச் சிரிக்கிறது. எழுதாமல் சொல்லியே வந்தவர்களுக்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது. (அந்தக் கதையின் முடிவு பல வடிவங்களில் மனைவிக்கு விழும் அடியில் போய் நிற்கிறது. அதை இன்று ஒரு பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன். நடுப்பகுதியின் கட்டுமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.)

எத்தனை சொல், எவ்வளவு எளிய சொல் என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் சூஸ் 1957-ல் வெறும் 236 வெவ்வேறு சொற்களை வைத்து, தொப்பி போட்ட பூனையைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தமிழில் எழுதப் போனால் தடுக்கி விழுவோம். தமிழில் மரம் என்பது மரத்தை, மரத்தில், மரத்திலிருந்து என்று மாறுகிறது. வீடு வீட்டில் ஆகிறது, ஆறு ஆற்றில் ஆகிறது. இவற்றை ஒரு சொல்லாக எண்ணுவதா, பல சொல்லாக எண்ணுவதா? பிள்ளையின் கண்ணுக்கு அவை வேறு வேறு உருவங்கள். ஆகவே தமிழில் நான் சொல்லின் எண்ணிக்கையை விட நீளத்தைத்தான் பார்ப்பேன். 'தேடிக்கொண்டிருந்ததாகத் தெரிந்தது' என்பதில் வருகிற முதல் சொல்லை முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். 'தேடினான்' போதுமானால் அதோடு விடுங்கள். 'அவனுக்கென்றே' என்று சேர்க்காமல் 'அவனுக்கு என்றே' என்று பிரித்து எழுதுங்கள். க், ச், த், ப் மிகும் இடங்களில் ஒற்றை விட்டுவிட வேண்டாம், பாடநூலில் பார்ப்பதும் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். பொருள் தெரிந்த நீளமான சொல் ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. 'தலைமையாசிரியர்' நீளம்தான், ஆனால் தினமும் கேட்கிற சொல், முதல் நான்கு எழுத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

அச்சு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். வலப்பக்க ஓரத்தை நேராக இழுத்துக் கட்ட வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். சொல்லை வரி முடிவில் உடைக்காதீர்கள். ஓர் அத்தியாயம் ஒரே இருப்பில் முடிய வேண்டும். தமிழில் 300 முதல் 500 சொற்கள் என்பது என் கைக்கணக்கு, விதி ஒன்றும் கிடையாது. அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்று எழுந்து வந்து சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறது பாருங்கள், அத்தியாயமாகப் பிரிப்பதே அதற்காகத்தான்.

இனி, என்ன மாதிரி நகைச்சுவை என்பது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அனுபவம் குறைந்த கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பொதுக்குணம் உண்டு: பையன்கள் ஜோக் சொல்வார்கள். ஒருவன் விடுகதை போடுவான், இன்னொருவன் தப்பாகப் பதில் சொல்வான், வகுப்பே சிரித்தது என்று ஆசிரியர் எழுதுவார். கதைக்குள் இருக்கிற வகுப்பு சிரிக்கிறது, வெளியே இருக்கிற பிள்ளை சிரிப்பதில்லை. நட்பைப் பற்றிய கதையில் சிரிப்பு வர வேண்டிய இடம் வேறு. இரண்டு பேருக்கும் வேண்டியது வேறு வேறாக இருக்க வேண்டும், இரண்டு பேரும் தான் சொல்வதே நியாயம் என்று முழு மனதோடு நம்ப வேண்டும், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஜோக்கே தேவையில்லை.

பெஞ்சின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்ட இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத வகுப்பு நான் பார்த்ததில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கவின், அந்தப் பக்கம் இனியன். முழங்கை தாண்டக் கூடாது. முதல் சிக்கல், ரப்பர் சரியாகக் கோட்டின் மேல் விழுகிறது. யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை, கவினுடையதுதான். ஆனால் பாதி ரப்பர் இனியனின் நாட்டில் கிடக்கிறது. கவின் எடுத்தால் விரல் தாண்டும். இனியன் எடுத்தால் திருட்டு. இரண்டு பேரும் ரப்பரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் வந்து, "என்னடா பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அப்புறம் இனியனின் தண்ணீர் பாட்டில் சாய்கிறது. தண்ணீருக்குக் கோடு தெரியுமா? கோட்டைத் தாண்டி ஓடுகிறது, கோட்டையே அழித்துக்கொண்டு ஓடுகிறது. இப்போது எல்லை எது என்று இருவருக்கும் தெரியாது, இருவரும் தன் பக்கம் பெரிதாக இருக்கும்படி நினைவு வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு ஜோக் கூட இல்லை. ஒவ்வொரு படியும் அந்த இரண்டு பேரின் கறாரான நியாயத்திலிருந்து பிறக்கிறது. பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிக்கும்போது தங்களையே அடையாளம் கண்டும் சிரிக்கிறார்கள்.

இதே கதையில் கவின் எல்லை தாண்ட அனுமதி கேட்டு, "மதிப்பிற்குரிய ஐயா, என் முழங்கைக்கு ஒரு நாள் மட்டும் அனுமதி அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று விண்ணப்பம் எழுதினால் எப்படி இருக்கும்? விடுப்பு விண்ணப்பம் எழுதப் பழகிவிட்ட ஒன்பது வயதுக்காரர்கள் உருண்டு சிரிப்பார்கள். உங்கள் மகனுக்கு அது வெறும் கடினமான வரி. இதை ஓர் அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு விதியை அண்மையில் கற்றுத் தேர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த விதி உடைவது வேடிக்கை. இன்னும் கற்காதவனுக்குக் குழப்பம், எப்போதோ கற்றவனுக்குச் சலிப்பு. ஏழு வயதில் கைக்குள் வந்துவிட்ட விதிகள் என்னென்ன? வரிசையில் நிற்பது, என் முறை உன் முறை, கடன் வாங்கினால் திருப்பித் தருவது, ரகசியம் என்றால் சொல்லக் கூடாது, மிஸ் சொன்னால் சொன்னதுதான். இவற்றிலிருந்து எடுங்கள். குத்தலான பேச்சை, அதாவது சொல்வது ஒன்று பொருள் அதற்கு நேர்மாறு என்ற வகையை, இந்த வயதில் குரலும் முகமும் இல்லாமல் பிடிப்பது கடினம். "ஆகா, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்!" என்று டீச்சர் கிண்டலாகச் சொன்னதாக எழுதினால், டீச்சர் பாராட்டினார் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள்.

நட்பு என்பதை இந்த வயதில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு ராபர்ட் செல்மன் என்ற உளவியலாளர் 1980-ல் வெளியிட்ட படிநிலைகள் எழுதுகிறவர்களுக்கு உதவும். சுமார் ஐந்து முதல் ஒன்பது வயது வரை, எனக்குப் பிடித்ததைச் செய்கிறவன் என் நண்பன் என்ற ஒருவழிப் பார்வை. சுமார் ஏழு முதல் பன்னிரண்டு வரை, நீ எனக்குச் செய்தால் நான் உனக்குச் செய்வேன் என்ற கொடுக்கல் வாங்கல். வயதுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். உங்கள் மகன் நிற்பது சரியாக அந்த இடத்தில். ஒருவன் முதல் படியில், மற்றவன் இரண்டாம் படியில் என்று இரண்டு பாத்திரங்களையும் வைத்துப் பாருங்கள், மோதல் தானாக வரும். ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். செல்மன் பெரும்பாலும் பிள்ளைகளிடம் ஒரு சிக்கலான கதையைச் சொல்லி, கேள்வி கேட்டுத்தான் இதைக் கண்டார். பிள்ளைகள் வாயால் சொல்வதும் நடந்துகொள்வதும் ஒன்றாக இருப்பதில்லை. காரணம் எதுவும் சொல்லத் தெரியாமலே, அழுகிற தோழிக்குத் தன் வண்ணப் பென்சில் டப்பாவை அப்படியே நகர்த்தி வைக்கிற ஆறு வயதுப் பிள்ளையை வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சமாதானக் காட்சியை அப்படி எழுதுங்கள். டீச்சர் இருவரையும் கூப்பிட்டு நட்பின் பெருமையைச் சொல்லி, இருவரும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள் என்று முடித்தால், அதுவரை கதையோடு வந்த பிள்ளை அங்கே இறங்கிவிடும். அடுத்த நாள் காலை இருவரும் கோட்டை மறந்துவிட்டு ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருக்கட்டும். அவ்வளவுதான் நிஜத்திலும் நடக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிரிப்பு ஒரு பிள்ளையின் உடம்பையோ, நிறத்தையோ, திக்குவதையோ, மெதுவாகப் படிப்பதையோ பார்த்து வரக் கூடாது. போட்ட திட்டம் சொதப்பட்டும், சிரிக்கலாம். பிடிவாதம் எல்லை மீறட்டும், சிரிக்கலாம். பட்டப்பெயர் விஷயத்தில் இரட்டைக் கவனம் தேவை. கதையில் வரும் பட்டப்பெயர் மறுநாளே வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும். கதைப் புத்தகம் அலமாரிக்குப் போன பிறகும் அது போகாது. அதிலும் மெதுவாகப் படிக்கிறவனைக் கேலி செய்கிற வரி ஒன்று இருந்தால், அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பவன் யார் என்று நினைத்துப் பாருங்கள்.

உரையாடல் பேச்சுத் தமிழிலா, எழுத்துத் தமிழிலா? இதில் எங்கள் தொழிலில் ஒருமித்த கருத்து கிடையாது, இரண்டு பக்கமும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. எழுத்துத் தமிழில் இரண்டு ஏழு வயதுப் பையன்கள் சண்டை போட்டால் பட்டிமன்றம் போல இருக்கும், சிரிப்பு வராது. 'வந்துட்டிருக்கான்', 'எடுத்துட்டுப் போய்ட்டான்' என்று அப்படியே எழுதினால், வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற சொல்தான், ஆனால் எழுத்தில் அந்த உருவத்தைப் பிள்ளை பார்த்ததில்லை. பாடநூலில் பழகிய உருவத்தைத் தேடித் திணறுவான். ஊருக்கு ஊர் பேச்சும் மாறும். நான் கடைப்பிடிக்கும் வழி இது: வினைமுற்றை எழுத்துத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, வாக்கியத்தைக் குட்டியாக்கி, டேய், ஐயோ, போடா, சரி, அப்புறம், மிஸ், ரப்பர், ஸ்கேல் போன்றவற்றைத் தயங்காமல் விடுவது. "டேய், அது என் பக்கம்!" என்பதில் எழுத்துத் தமிழ் மீறப்படவில்லை, சண்டையும் குறையவில்லை. வினையே இல்லாத வாக்கியங்கள் இதற்கு மிகவும் கைகொடுக்கும். ஓரளவு சரளமாகப் படிக்கிற எட்டு, ஒன்பது வயதுக்காரர்களுக்கு முழுப் பேச்சுத் தமிழ் உரையாடல் பிடிக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் மகனின் வேகம் கூடும்போது இந்தப் பதிலை மாற்றிக்கொள்ளலாம்.

கதையைத் திருத்தி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், அப்பா அம்மா எழுதியது என்றால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு பிரதியில் அவன் எங்கே தடுக்கினான், எங்கே திரும்பிப் போய்ப் படித்தான், எங்கே உதடு அசைவது நின்றது, எங்கே சிரித்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டிய இடத்துக்கு முந்தைய இரண்டு வரியில் தடுக்கியிருந்தால், திருத்த வேண்டியது அந்த இரண்டு வரி. வேடிக்கையைத் தொட வேண்டாம். அப்புறம் அதே அத்தியாயத்தை மறுநாளும் படிக்கக் கொடுங்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பது வேகத்தைக் கூட்டுகிறது, பிழையைக் குறைக்கிறது என்று எஸ். ஜே. சாமுவேல்ஸ் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1979-லேயே எழுதினார், அதன் பிறகு வந்த ஆய்வுகளும் இதைப் பெரிதும் ஆதரிக்கின்றன. பாடப் பத்தியை மறுபடி படி என்றால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கும். வேடிக்கைக் கதை என்றால் தானாகவே எடுப்பான். முதல் நாள் கூட்டிப் படித்ததில் வராத சிரிப்பு இரண்டாம் நாள் வருவதை நீங்களே பார்ப்பீர்கள். முதல் அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, இரண்டாவதை அவன் படித்து, மூன்றாவது நீங்கள் என்று மாற்றி மாற்றிப் போவதும் நல்லது. பாத்திரங்களின் குரல் அவன் காதில் ஏறியிருக்கும்.

எது உறுதி, எது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துக் கூட்டும் பளு குறைந்தால் புரிதலுக்கு இடம் கிடைக்கும் என்பது உறுதி. குட்டி வரி, திரும்ப வரும் தொடர், எழுத்து மறைப்பதைக் காட்டும் படம் ஆகியவை உதவும் என்பதை வகுப்பிலும் எடிட்டிங் மேசையிலும் போதுமான அளவு பார்த்திருக்கிறேன். ஆனால் வேடிக்கைப் புத்தகம் கொடுத்தால் பிள்ளை பெரிய வாசகனாக வளர்வான் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். நிறையப் படிக்கிறவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள், நன்றாகப் படிக்கிறவர்கள் நிறையப் படிக்கிறார்கள். எது முதலில் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. புத்தகம் அந்தச் சுழலுக்குள் இறங்க ஒரு வழியைத் திறக்கும்.

இன்னொன்று, உங்கள் பதிவில் இருக்கும் சில வரிகளை வைத்து உங்கள் மகனின் வாசிப்பைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏழு வயதில் மெதுவாகப் படிப்பது சாதாரணம்தான். ஆனால் பல மாதங்கள் பழகிய பிறகும் அடிக்கடி பார்க்கும் சொற்களையே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டுகிறான், ஒத்த உருவ எழுத்துகளைத் தொடர்ந்து மாற்றிப் படிக்கிறான், படிக்கச் சொன்னால் தலைவலி அல்லது அழுகை என்று வந்தால், முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், அப்புறம் வகுப்பாசிரியரிடமும் வாசிப்புக் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடமும் பேசுங்கள். அதைக் கதையைத் திருத்திச் சரிசெய்ய முடியாது, தள்ளிப்போடவும் கூடாது.

கடைசியாக, நிஜச் சண்டையைப் பற்றி. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சம்பவத்தை விட்டுவிட்டு அதன் காரணத்தை மட்டும் எடுங்கள். அவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள், பக்கத்தில் உட்கார மூன்றாவது ஒரு பையன் வந்ததாலா, சொன்ன ரகசியம் வெளியே போனதாலா என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. பெயர், பொருள், யார் மேல் தப்பு என்பதையெல்லாம் மாற்றுங்கள். முடிந்தால் உங்கள் மகன் செய்ததையும் அந்த நண்பன் செய்ததையும் கதையின் இரண்டு பையன்களுக்கும் பிரித்துக் கலந்து கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த நண்பன் புத்தகத்தைப் பார்க்கும் நாளில் சண்டை மறுபடி தொடங்கிவிடும். எழுதுவதற்கு முன்னால் மகனிடம் கேளுங்கள். சண்டையைப் பற்றிப் பேசும்போது அவனே சிரித்தால் எழுதலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சில மாதம் போகட்டும். இப்போதைக்கு வேறு அத்தியாயத்தை எழுதுங்கள்.